வெள்ளையெல்லாம் பூஞ்சை அல்ல

மீன் கடைக்குப் போய், "போஸ், ஈக்கான் சாக்கிட், ஊபாட் அடா?" என்று கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். வெள்ளையா, சிவப்பா? வெள்ளை என்றால் நீல மருந்து, சிவப்பு என்றால் மஞ்சள் மருந்து. சில வெள்ளிகளில் காரியம் முடிந்துவிடும். அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மெர்லிமாவிலும் மீன் வைத்தியம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் மீனைப் பார்க்கவில்லை. பார்த்தவர் சொன்னதை வைத்து மருந்து கொடுக்கிறார்.

நூலைப் படித்து வைத்தியம் பார்ப்பவருக்கு வேறு சிக்கல். மீன் வளர்ப்பு நூல்களில் பல, குளிர்நாட்டுக்காரர்கள் தம் வீட்டுத் தொட்டியை மனத்தில் வைத்து எழுதியவை. அங்கே ஹீட்டர் போட்டால்தான் தண்ணீர் 25 டிகிரிக்கு வரும். ஆகவே தோலில் எது தெரிந்தாலும் 'சூட்டை ஏற்று' என்பது அவர்களுடைய முதல் அறிவுரை. மலாக்காவில் தகரக் கூரை போட்ட வீட்டிலோ காற்றோட்டமில்லாத தாமான் வீட்டு முன்கூடத்திலோ நண்பகலில் தொட்டித் தண்ணீர் தானாகவே 29, 30 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் எந்த நோய் அடங்கும், எந்த நோய் பெருகும் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. ஒரே சூடு ஒரு நோய்க்கு மருந்து, இன்னொரு நோய்க்குத் தீனி.

முதலில் நோயா, தண்ணீரா?

ஒரு தொட்டியில் ஒன்றிரண்டு மீனுக்கு மட்டும் தோலில் ஏதோ தெரிந்தால் அது நோயாக இருக்கலாம். எல்லா மீனும் ஒரே நாளில் சோர்ந்து, உடம்பில் மங்கலான வெண்படலம் போர்த்தி, மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பழியைத் தண்ணீர் மேல் போடுங்கள். மருந்துப் புட்டியைத் தொடாதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீனின் செவுளையும் தோலின் வழவழப்பையும் எரித்துவிடும். தண்ணீர் தடைபட்டு மீண்டும் வரும் நாள்களில் கூடுதல் கவனம் தேவை. 1991-இல் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றி மாநிலமே தண்ணீருக்கு அலைந்ததை வயதானவர்கள் மறக்கவில்லை. இன்றைக்கும் குழாய் பழுதாகிச் சப்ளை திரும்பும்போது முதலில் வருவது கலங்கல்தான். அதைப் பிடித்து நேராகத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வாளியில் பிடித்து ஏர் பம்பு போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் சோடியம் தியோசல்பேட் கற்கண்டுப் பொடி போதும். குளோரின் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தாலும் 1 கிராம் பொடி சுமார் 70 லிட்டரைச் சரியாக்கிவிடும்.

அடுத்த சந்தேகம் அம்மோனியா. வடிகட்டியை முழுக்கக் கழுவிவிட்டாலோ, புதுத் தொட்டியில் ஒரே நாளில் நிறைய மீன் விட்டாலோ இது ஏறும். தண்ணீர் சூடாகவும் காரத்தன்மையுடனும் இருந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் கூடுதலாகக் கொல்லும். துடுப்பு ஓரம் சிவந்து, மீன் சொரிந்துகொள்வதுபோல் கல்லில் உரசும். பலர் இதைப் பார்த்து ஒட்டுண்ணி என்று முடிவு கட்டுகிறார்கள். சோதனை மருந்து இல்லாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிப் பாருங்கள். சில மணி நேரத்தில் மீன் தெளிந்தால் விடை கிடைத்துவிட்டது.

நம் ஊருக்கே உரிய இரண்டு காரணங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, டிங்கிக்காக அடிக்கும் கொசுப் புகை. அதில் கலக்கப்படும் பைரித்ராய்டு வகை மருந்து நமக்குப் பெரிய தீங்கு செய்யாது, மீனுக்கு நஞ்சு. புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் தொட்டியை ஈரத் துணியாலோ பிளாஸ்டிக்காலோ மூடுவதோடு நின்றுவிடாதீர்கள். ஏர் பம்பையும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அது அறையின் புகையை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதும். புகை அடங்கிக் கதவு சன்னல் திறந்த பிறகு மீண்டும் போடலாம். மற்றொன்று, தோட்டத்தில் புல்லுக்கும் பூச்சிக்கும் மருந்து அடித்துவிட்டு வந்த கை. அந்தக் கையோடு தொட்டியில் வலை போட்டாலும், மருந்து கலக்கிய வாளியில் தண்ணீர் பிடித்தாலும் மீன் சாகும். மீனுக்கென்று ஒரு வாளியை ஒதுக்கி, அதில் பெயிண்டால் குறி போட்டுவிடுங்கள்.

பார்க்கும் விதம்

காலையில் தீனி போடுவதற்கு முன்னால் பாருங்கள். பசித்த மீன் முன்னால் வரும். வராமல் மூலையில் நிற்பதுதான் நோயாளி. தொட்டி விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் செதில் மின்னுவது மட்டுமே தெரியும். சாய்த்து அடித்தால் தோலின் மேல் ஒட்டியிருப்பது எழுந்து தெரியும். துடுப்பு விரிந்திருக்கிறதா, உடம்போடு ஒட்டிக்கிடக்கிறதா? செவுள் மூடி இரண்டும் ஒரே வேகத்தில் அசைகின்றனவா? வெள்ளை தெரிகிற இடம் புள்ளியா, தூளா, படலமா, பஞ்சா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் சிறுசிறு வெண்புள்ளிகள் வரிசையாக எழும். அது நோயல்ல, ஆண்மைக் குறி. அதற்கு மருந்து போட்டு நல்ல மீனை நோயாளியாக்கியவர்கள் உண்டு.

வெண்புள்ளி

உடம்பெங்கும், துடுப்பிலும் கூட, பொடியுப்பு தூவியதுபோல் தனித்தனிப் புள்ளிகள். மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உரசும். இது இக்தியோப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. புள்ளிக்குள் இருக்கும்போது அது தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் மீனை விட்டுத் தொட்டியின் அடியில் விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் குஞ்சு விடும். அந்தக் குஞ்சுகள் ஒன்றிரண்டு நாளுக்குள் வேறு மீனைப் பிடித்தாக வேண்டும். மருந்து கொல்வது நீந்தித் திரியும் இந்தக் குஞ்சுகளை மட்டுமே.

ஆகவே புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்துவதைப்போல் தவறு வேறில்லை. புள்ளி மறைந்தது குணமானதற்கு அறிகுறியல்ல. ஒட்டுண்ணி அடியில் இறங்கியிருக்கிறது, அவ்வளவே. நம் ஊர்ச் சூட்டில் ஒரு சுற்று ஐந்தாறு நாளில் முடிந்துவிடும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது வைத்தியம் தொடர வேண்டும்; மொத்தம் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு மருந்தாகும் நோய் இதுதான். 30 டிகிரிக்கு மேல் இந்த ஒட்டுண்ணியால் தன் சுற்றை ஒழுங்காக முடிக்க இயலுவதில்லை. அதனால் மலாக்காவில் வெண்புள்ளி வருவதற்குப் பெரும்பாலும் ஒரு குளிர்ச்சி காரணமாக இருக்கும். இரவு முழுக்க ஏர்கோன் ஓடும் அறை, கடையிலிருந்து புதிதாக வந்த மீன், அல்லது வெளியே வைத்த சிமெண்டுத் தொட்டி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் நீரிணையைத் தாண்டி வந்து அடிக்கும் சுமத்ராக் காற்றும் மழையும் வெளித்தொட்டியின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். தொட்டியை ஏர்கோன் அறையிலிருந்து வெளியே மாற்றி, லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கல்லுப்பு கரைத்து, ஹீட்டர் இருந்தால் 30 டிகிரியில் நிறுத்தி, ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். அடிமண்ணை இரண்டு நாளுக்கு ஒருமுறை குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தால் கூடுகளும் கூடவே போய்விடும். தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் பலமுறை உப்பும் சூடும் பொறுமையும் மட்டுமே போதுமானவை.

பொன்தூள்

சாய்த்து அடித்த வெளிச்சத்தில் மஞ்சள் கலந்த மெல்லிய தூள் உடம்பின் மேல் படிந்து தெரிந்தால் அது பிசினூடினியம். புள்ளியைவிட மிகச் சிறியது. நேர் வெளிச்சத்தில் கண்ணில் படாது. சண்டைமீன் வளர்ப்பவர்கள் அதிகம் இழப்பது இதனால்தான். தூள் தெரிவதற்கு முன்பே துடுப்பு மடங்கி, மூச்சு வேகமாகிவிடும். மலேசியக் குளங்களில் வளர்த்த நன்னீர் மீன்களில் இந்த ஒட்டுண்ணி கொள்ளையாகப் பரவியதை 1990-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. ஆகவே இதை வெளிநாட்டு நோய் என்று நினைக்க வேண்டாம்.

இந்த உயிரி ஒளியைக் கொண்டும் ஓரளவு உணவு தயாரிக்கக்கூடியது. தொட்டியைக் கறுப்புத் துணியால் பத்து நாள் மூடி, உப்பும் சேர்த்தால் அதன் வேகம் குறையும். செம்பு கலந்த மருந்து நன்றாகக் கேட்கும். ஆனால் அளவு சற்றே கூடினாலும் மீன் சாகும், நத்தையும் இறாலும் முதலில் சாகும். செம்பை அளக்கும் சோதனைப் பெட்டி இல்லாதவர்கள் செம்பு மருந்தை வாங்கவே வேண்டாம்.

வாய்ப்பஞ்சு: நம் ஊரின் பெரிய எதிரி

கப்பியோ மோலியோ சண்டைமீனோ திடீரென்று உதட்டைச் சுற்றி வெள்ளையாகக் காட்டும். அல்லது முதுகுத் துடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் வெளிறிய பட்டை இறங்கும். வீட்டில் எல்லோரும் சொல்வது, 'பூஞ்சை பிடித்துவிட்டது.' நீல மருந்து ஊற்றுவார்கள். நூலைப் படித்தவர் ஹீட்டரையும் போடுவார். மறுநாள் காலையில் மீன் செத்துக்கிடக்கும். இரண்டாம் நாள் இன்னும் நாலு.

அது பூஞ்சையல்ல, கொலும்னாரிஸ் என்ற பாக்டீரியா. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மீன்களில் கண்டு 1922-இல் டேவிஸ் என்பவர் இதை விவரித்து எழுதினார். வெதுவெதுப்பான நீர் இதற்கு உகந்தது. 28, 30 டிகிரியில் வீரியமான வகை ஒன்றிரண்டு நாளிலேயே மீனை முடித்துவிடும். வெண்புள்ளியை அடக்கும் அதே சூடு இதை வளர்க்கிறது. மலாக்காத் தொட்டிகளில் 'பூஞ்சை' என்ற பெயரில் சாகிற மீன்களில் பெரும்பகுதி இந்த நோயால் சாகிறது என்பதே என் கணிப்பு.

வேறுபாட்டைக் கண்ணாலேயே பிடிக்கலாம். உண்மைப் பூஞ்சை நீண்ட இழையாக எழுந்து, தண்ணீர் ஓட்டத்தில் அசையும். மீனை வலையில் தூக்கினால் ஈரமாகப் படிந்துவிடும். கொலும்னாரிஸ் தட்டையாக, வழவழப்பாக, சாம்பல் கலந்த வெள்ளையில் இருக்கும். ஓரத்தில் மஞ்சளோ சிவப்போ தெரியும். பூஞ்சை முன்பே காயம்பட்ட இடத்தில் ஒட்டி மெதுவாகப் பரவும். கொலும்னாரிஸ் காயமே இல்லாத மீனிலும் தொடங்கி, ஒரு பகலுக்குள் இரட்டிப்பாகும். செவுளுக்குள் போய்விட்டால் வெளியே எதுவுமே தெரியாமல் மீன் மூச்சுத் திணறிச் சாகும். வேகம்தான் முக்கியக் குறி. நேற்று இல்லாதது இன்று கடுகளவு, மாலையில் மிளகளவு என்றால் பூஞ்சை என்ற சொல்லையே மறந்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை இந்த வரிசையில். முதலில் ஹீட்டரை அணையுங்கள். தண்ணீரை 25, 26 டிகிரிக்கு மெல்ல இறக்கப் பாருங்கள். மூடியை எடுத்துவிட்டு மேற்பரப்பில் மேசை விசிறியின் காற்று படும்படி வைத்தால் ஆவியாகும் தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரியைக் குறைத்துவிடும். பனிக்கட்டி போட வேண்டாம். சட்டென்ற இறக்கம் அடுத்த நோயை அழைத்து வரும். இரண்டாவது, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி அடியில் கிடக்கும் மிச்சத் தீனியையும் கழிவையும் உறிஞ்சி எடுங்கள். அழுக்கும் நெரிசலும் இந்த நோயின் வாசல். மூன்றாவது, லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் உப்பு. உப்பு இந்தப் பாக்டீரியா தோலில் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கிறது. நான்காவது, காற்று. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். செவுள் நோயாளிக்கு அந்த ஒன்றரை மில்லிகிராம் சின்ன விஷயமல்ல. தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள்.

அடுத்த நாளும் பரவினால் மருந்து வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் எளிதில் கிடைப்பது. தனி வாளியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் கரைத்து, மீனை அரை மணி நேரம் வரை அதில் விட்டுக் கூடவே நின்று பாருங்கள். தவித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். 10 மில்லிகிராம் என்பது சமையலறைத் தராசில் நிற்காத எடை. 1 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, வாளித் தண்ணீர் ஒவ்வொரு லிட்டருக்கும் அதிலிருந்து 10 மில்லி ஊற்றினால் கணக்கு சரியாக வரும். ஊதா நிறம் பழுப்பாக மாறினால் மருந்து தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ஆன்டிபயாட்டிக் கொடுத்தால்தான் நிற்கும் என்ற கட்டமும் உண்டு. அதற்குக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மலேசியாவில் ஆன்டிபயாட்டிக்குகள் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. அம்மாவுக்குக் கொடுத்ததில் மீதமான மாத்திரையை உடைத்துத் தொட்டியில் போடுவது சட்டத்துக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது. வடிகட்டியின் நல்ல பாக்டீரியா செத்து, அம்மோனியா ஏறி, மிச்ச மீனும் போகும். டெட்ராசைக்ளின் வகை கடின நீரில் சுண்ணத்தோடு சேர்ந்து பயனற்றும் போகிறது.

உண்மைப் பூஞ்சை

சப்ரோலெக்னியா. கறாராகச் சொன்னால் இதுவும் பூஞ்சை போன்ற உயிரிதான், வளர்ப்பாளர் வழக்கில்தான் பூஞ்சை. சண்டையில் கடிபட்ட இடம், வலையில் செதில் உரிந்த இடம், செத்த முட்டை ஆகியவற்றில்தான் பிடிக்கும். நலமான தோலில் பிடிக்காது. நீல மருந்து எனப்படும் மெத்திலீன் புளூ இதற்குக் கேட்கும். 1 சதவீதக் கரைசல் என்றால் 100 லிட்டருக்கு 10 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகும். மூன்று மடங்கு வரை போகலாம். தனி வாளியில் செய்யுங்கள். பெரிய தொட்டியில் ஊற்றினால் செடியும் வடிகட்டியும் கெடும், சிலிக்கோன் ஒட்டு நிரந்தரமாக நீலமாகிவிடும்.

புண்: லோங்காங் மீனோடு வருவது

தோட்டத்துப் பிள்ளைகள் லோங்காங்கிலும் செம்பனைக்கு இடையே ஓடும் வாய்க்காலிலும் பிடித்து வரும் விரால் குஞ்சு, புயு, செப்பாட் ஆகியவை வீட்டுத் தொட்டிக்கு வருவது இன்று நேற்றல்ல. பிடிப்பதைத் தடுக்கச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் பிறகு நல்ல மீன் வளர்ப்பாளர் ஆகிறார்கள். ஆனால் அவற்றை நேராகத் தொட்டியில் விடக் கூடாது.

தோலில் சிவப்பாகத் தொடங்கி, நடுவில் குழிந்து, சதை தெரியும் ஆறாப்புண்ணாக மாறும் ஒரு நோய் 1971-இல் ஜப்பானில் பதிவானது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா. 1980-களின் தொடக்கத்தில் அது மலேசியாவின் வட மாநில நெல்வயல்களில் விரால், புயு, செப்பாட் மீன்களைத் தாக்கியது. 1980-களின் இறுதிக்குள் இலங்கை, வங்காளதேசம், இந்தியா வரை போய்ச் சேர்ந்து பல இலட்சம் ஏழை வீடுகளின் மீன் உணவைக் கெடுத்தது. காரணம் அஃபனோமைசெஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி. வெளியே பஞ்சாகத் தெரியாது. சதைக்குள் இழை விட்டுப் போகும். மழைக்குப் பிறகு நீர் குளிர்ந்து அமிலத்தன்மை ஏறும்போது மீனின் தோல் பலவீனமாகி இதற்கு வழிவிடுகிறது. திலாப்பியாவுக்கு இது எளிதில் பிடிப்பதில்லை.

ஆழ்ந்த புண்ணுக்கு வீட்டு மருந்து எதுவும் உறுதியில்லை. வாய்க்கால் மீனுக்கு அப்படிப் புண் இருந்தால் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். வேறு வாய்க்காலில் விடவும் வேண்டாம். தொட்டியில் வளர்ந்த தங்கமீனுக்கோ கொய்க்கோ புண் வந்தால் பெரும்பாலும் ஏரோமோனாஸ் பாக்டீரியா. தொடக்கத்தில் தண்ணீர் மாற்றமும் உப்பும் உதவும். வயிறு வீங்கிச் செதில்கள் விரிந்து நிமிர்ந்துவிட்டால் பிழைப்பது அரிது.

அப்படிப்பட்ட மீனை உயிரோடு கழிப்பறையில் ஊற்றுவதும் வெயிலில் எறிவதும் கொடுமை. கிராம்பு எண்ணெய் மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு அரை மில்லி எடுத்து, சிறு புட்டியில் கொஞ்சம் வெந்நீரோடு குலுக்கிக் கலக்கி ஊற்றுங்கள். மீன் மயங்கிச் செவுள் அசைவு நின்ற பிறகும் கால்மணி நேரம் அப்படியே வைத்து, மண்ணில் புதையுங்கள்.

புழுவும் பேனும்

கொய், தங்கமீன் உடம்பில் வெள்ளை நூல் போல் தொங்குவது நங்கூரப் புழு. தட்டையாக, வட்டமாக ஊர்ந்து திரிவது மீன் பேன். இரண்டும் கண்ணுக்குத் தெரியும், பூஞ்சையோடு குழப்ப வேண்டியதில்லை. ஈரத் துணியில் மீனைப் பிடித்து, சிறு இடுக்கியால் புழுவை வேரோடு இழுத்து, அந்த இடத்தில் அயோடின் தொட்டு வையுங்கள். முட்டைகள் தண்ணீரில் இருக்கும். ஆகவே சில வாரம் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். தோட்டத்துப் பூச்சிமருந்தைத் துளியாக விட்டால் பேன் போய்விடும் என்று சொல்வார் பேச்சைக் கேட்காதீர்கள்.

துடுப்பில் காலிஃபிளவர் போன்ற சிறு வெண்கட்டி மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ். மருந்தே இல்லை, நல்ல தண்ணீரில் விட்டால் பலமுறை தானாக உதிர்ந்துவிடும்.

உப்புக் கணக்கு

இத்தனை முறை உப்பு என்று சொன்னதால் அளவைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 60க்கு 30க்கு 30 தொட்டி 54 லிட்டர். கல், மேல் இடைவெளி போக 45 என்று கொள்ளுங்கள். லிட்டருக்கு 3 கிராம் என்றால் 135 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்து, மூன்று பங்காக்கி, ஒரு நாள் முழுக்க இடைவெளி விட்டுக் கரைத்து ஊற்றுங்கள். கல்லாகப் போட்டால் மேலே படும் மீனுக்குச் சுடும். அயோடின் உப்பு ஆகாது என்பது வீண்பயம். இந்த அளவில் அது மீனை ஒன்றும் செய்யாது. உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது மீண்டும் உப்புப் போடாதீர்கள். தண்ணீர் மாற்றும்போது மட்டும், மாற்றிய அளவுக்குப் போடுங்கள். செதிலில்லா மீனுக்குப் பாதி அளவு. செடி வாடும், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

மஞ்சள்தூளும் வேப்பிலையும் மனிதத் தோலுக்கு நல்லவை என்பதால் தொட்டிக்கும் நல்லவை என்று எண்ணுகிறோம். மஞ்சள்தூள் தண்ணீரைக் கலக்கிச் செவுளை அடைக்கிறது. அதை நான் பரிந்துரைப்பதில்லை. கடலோரத்தில் உதிர்ந்துகிடக்கும் கெத்தாப்பாங் இலை வேறு வகை. நன்கு காய்ந்து பழுப்பான இலையைக் கழுவிப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகி, சற்றே அமிலமாகும். சண்டைமீனுக்கு அது பழகிய சூழல். துணை மருந்து என்று சொல்லலாம். சாலையோர மரத்து இலையையும் மருந்து அடித்த இடத்து இலையையும் எடுக்க வேண்டாம்.

உண்ணும் மீன், உங்கள் கை

சிமெண்டுத் தொட்டியில் திலாப்பியாவும் கெலியும் வளர்த்துச் சமைக்கும் வீடுகளுக்கு ஒரு கண்டிப்பு. மாலகைட் பச்சை கலந்த மருந்தும், மஞ்சள் மருந்தில் சிலவற்றில் இருக்கும் நைட்ரோஃபியூரான் வகையும் உணவு மீனுக்குத் தடை செய்யப்பட்டவை. புற்றுநோய் ஐயம் உள்ளவை. அலங்கார மீனுக்கு வாங்கிய புட்டியை அந்தத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அங்கே உப்பும் தண்ணீர் மாற்றமும் மட்டுமே.

பால்மரம் சீவுபவர், செம்பனைக் குலை வெட்டுபவர் கையில் கீறல் இல்லாத நாள் குறைவு. மீன்களில் இருக்கும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி கீறல் வழியாக நுழைந்து, வாரங்கள் கழித்து விரலிலோ முழங்கையிலோ ஆறாத கட்டியாக எழும். பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து 1926-லேயே இது பிரித்தறியப்பட்டது. கையில் காயமிருந்தால் ரப்பர் கையுறை போடுங்கள். ஆறாத கட்டிக்குக் கிளினிக் போகும்போது 'வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது' என்று நீங்களே சொல்லிவிடுங்கள், மருத்துவர் கேட்காமலிருக்கலாம்.

புது மீன், தனித் தொட்டி

சந்தை மீன்காரரிடம் கேட்டால் பழைய போலிஸ்டைரின் பெட்டி சும்மா கிடைக்கும். அதுதான் நோயாளி அறை, அதுதான் புதியவர் அறை. ஒரு சிறு பஞ்சு வடிகட்டியை எப்போதும் பெரிய தொட்டியில் ஓடவிட்டு வைத்திருந்தால், தேவைப்படும் நாளில் அதை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடலாம். புது மீன் மூன்று வாரம் அங்கே இருக்கட்டும். வலையும் வாளியும் தனி. கடைப் பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

இத்தனைக்கும் மேல் நோய் புரியவில்லை என்றால் மாநில மீன்வள இலாகா அலுவலகத்தில் கேளுங்கள். விலை உயர்ந்த கொய், அரவானா என்றால் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலம் இருக்கிறது; முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிட்டுப் போங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. இன்னொரு புட்டியில் தொட்டித் தண்ணீர் தனியாக. என்ன மருந்து, எவ்வளவு, எந்த நாளில் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மீன் வழியில் செத்துவிட்டால் உறைய வைக்காமல் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். நம் வெயிலில் செத்து அரைநாள் கிடந்த மீனில் எந்த மருத்துவராலும் எதையும் படிக்க முடியாது. ஆகவே மீன் உயிரோடிருக்கும்போதே கொண்டுபோங்கள்.